பேயும் மூன்று கேள்வியும்

பேய் உண்டா, இல்லையா என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் கேட்க வேண்டிய கேள்வி அது அல்ல. கதையில் வந்த பேய் நல்ல பேயா, பக்கம் நிரப்ப வந்த பேயா என்று கேட்டால் ஏதோ என் அபிப்பிராயத்தைச் சொல்லலாம்.

சென்ற ஐப்பசியில் ஒரு பத்திரிகாசிரியர் அப்படித்தான் கேட்டார். ஆறு பேய் நாவல்களைக் கட்டி அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி மதிப்புரை வேண்டும் என்றார். நான் அப்போது வேறு காரியமாகச் செஞ்சிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். பேய்க் கதை படிக்க அதைவிடத் தோதான ஊர் ஏது? கட்டையும் பெட்டியில் போட்டுக்கொண்டேன்.

செஞ்சியைப் பகலில் பார்த்தாலே கொஞ்சம் அச்சமாகத்தான் இருக்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மண்ணைக் கழுவி எடுத்துவிட்டுப் பாறைகளை மட்டும் குவித்து வைத்தாற்போல் நிற்கின்றன. அவற்றைச் சுற்றிக் கோட்டை மதில். 1677-ல் சிவாஜி பிடித்தது, அப்புறம் முகலாயர் வருஷக்கணக்கில் முற்றுகையிட்டு 1698-ல் பிடித்தது, 1714-ல் தேசிங்கு ராஜா ஆர்க்காட்டு நவாபோடு மோதி மடிந்தது, 1750-ல் பிரெஞ்சுக்காரர் ஏறியது, 1761-ல் ஆங்கிலேயர் ஏறியது எல்லாம் இந்தப் பாறைகள் பார்த்தவை. 2025-ல் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியிலிருந்து அதில் இடம் பெற்றது செஞ்சி ஒன்றுதான்.

விடுதி அறையில் ஜன்னல் வழியே கிருஷ்ணகிரி தெரிய, இரண்டு இரவில் ஆறு நாவலையும் முடித்தேன். ஐந்து நாவல்கள் ஒரே அச்சு. பாழடைந்த பங்களா, நாய் ஊளை, திடீரென்று வீசும் மல்லிகை மணம், புதுமணத் தம்பதி. வில்லன் என்று ஒரு யட்சி, அல்லது செத்தும் சாகாத மந்திரவாதி. முந்நூறு வருஷம் பழி காத்த அந்தப் பேய் கடைசி அத்தியாயத்தில் ஓர் எலுமிச்சம்பழத்துக்கு அடங்கிவிடுகிறது! படிக்கும்போது பயம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது கதவு தட்டினால் வருகிற பயம். ஓட்டல் பையன் காப்பி கொண்டுவந்து தட்டினாலும் வரும்.

எங்கே குறை என்று எனக்கு விளங்கியது மூன்றாம் நாள் இரவில். அன்று அமாவாசை. செஞ்சியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் மேல்மலையனூர் இருக்கிறது. அமாவாசை நள்ளிரவில் அங்கே அங்காளம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம். பஸ்ஸில் நிற்க இடமில்லை.

அந்தக் கோயிலின் கதையே ஒரு பேய்க் கதைதான். பிரமனின் ஐந்தாவது தலையைச் சிவன் கிள்ளி எறிய, அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டது. அவருக்கு விழும் பிச்சையையெல்லாம் அதுவே தின்றது. மேல்மலையனூர் மயானத்தில் அம்மன் சோற்றைச் சூறை விட்டாள். பசி பொறுக்காத கபாலம் கையை விட்டு இறங்கித் தின்னப் போயிற்று. அம்மன் பேருருவெடுத்து அதை மிதித்து அடக்கினாள். இந்த வில்லன் யார், ஏன் பிடித்துக்கொண்டான், அவனுக்கு என்ன வேண்டும் என்பதில் யாருக்காவது சந்தேகம் வருமா? அவனுக்குப் பசி. அதுதான் கதையின் பிடி.

கோயிலுக்கு வெளியே ஓர் ஓரத்தில் பம்பையும் உடுக்கையும் முழங்கிக்கொண்டிருந்தன. இருபது வயது இருக்கும் ஒரு பெண், தலைவிரி கோலமாக ஆடிக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு கிழப் பூசாரி. அவர் மிரட்டவில்லை, அடிக்கவில்லை. மணியக்காரர் மனு வாங்குகிறதுபோல நிதானமாகக் கேட்டார்:

"யாரு நீ?"

ஏதோ ஒரு பெயர் வந்தது. கிணற்றில் விழுந்து செத்த ஒருத்தியாம்.

"இவகிட்ட ஏன் வந்த?"

"என்ன மாதிரியே இவளும் அழுதுகினு இருந்தா. அதான் வந்தேன்."

"இன்னா வேணும் உனக்கு?"

அவ்வளவு நேரம் அலறிய குரல் சட்டென்று தணிந்தது. "இவள அந்த ஊட்டுக்கு அனுப்பாதீங்க" என்றது.

பக்கத்தில் நின்ற மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பூசாரி அந்த அம்மாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திருநீற்றை எடுத்தபடி, "மூணு அமாவாசை கழியட்டும்மா. அதுவரைக்கும் பொண்ணு அவங்க ஆத்தா ஊட்லயே இருக்கட்டும்" என்றார். வழக்கு முடிந்தது.

பேசியது பேயா, அந்தப் பெண்ணா என்று என்னைக் கேட்காதீர்கள். தன் வாயால் சொன்னால் அறை விழும் வார்த்தையை, இன்னொருத்தி வாயாகச் சொல்ல அவளுக்கு ஒரு ராத்திரி கிடைத்தது. அந்தப் பூசாரியை விடச் சிறந்த பேய்க்கதை விமரிசகரை நான் கண்டதில்லை. யார், ஏன், என்ன வேண்டும்? இந்த மூன்று கேள்விக்கு நின்று பதில் சொல்கிற பேய்தான் பேய்.

பழையனூர் நீலியைக் கேட்டுப் பாருங்கள். கட்டியவனே கொன்றான். மறுபிறவியில் வணிகனாக வந்தவனைத் தொடர்ந்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ஊர்ச் சபையில் வழக்குரைத்து, எழுபது வேளாளரைப் பிணை நிற்க வைத்துப் பழி தீர்த்தாள். மூன்று கேள்விக்கும் விடை உண்டு. அவள் அழுகையைத்தான் நாம் 'நீலிக் கண்ணீர்' என்று பொய்யழுகைக்குப் பெயராக்கிவிட்டோம். கொன்றவன் பெயரில் ஒரு பழமொழியும் இல்லை!

அயல்நாட்டுப் பேயும் இந்தப் பரீட்சையில் தேறும். 1897-ல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய டிராகுலா பிரபு, வக்கீல் வைத்து முறைப்படி பத்திரம் எழுதி லண்டனில் வீடு வாங்கிக்கொண்டு வருகிறான். தன் தேசத்தின் ரத்தம் போதாமல் புது ஊர் தேடி வருகிற ஜமீன்தார் அவன். நமக்குத் தெரியாத மனிதனா? புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' (1943) வேறு ஜாதி. நடுநிசியில் வீட்டுக்குள் ஒரு வாடை, வாசலில் வந்து நிற்கும் ஒரு பிச்சைக்காரி, அவளை வேலைக்கு வைத்துக்கொள்ளும் மனைவி. மூன்று கேள்வியும் கணவன் மனசில் குடைந்துகொண்டே இருக்கின்றன, விடைதான் வரவில்லை. கேள்வியே எழாமல் இருப்பதும், எழுந்தும் விடை கிடைக்காமல் தவிப்பதும் ஒன்றல்ல. அதனால்தான் அந்தக் கதை இன்றும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

என் கட்டில் இருந்த ஐந்து நாவல்களில் பேயிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒன்றில், கர்ப்பிணியாகக் கொல்லப்பட்ட பெண்ணைப் புளியமரத்தில் ஆணியடித்துவிட்டுக் குடும்பம் சுபமாகக் காரில் ஏறுகிறது. கொன்ற பெரியவர் முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். கதாசிரியருக்கு அவர்மேல் கோபமே இல்லை. ஆறாவது நாவலில் மட்டும் பேய் ஒரு கூலிக்காரி. கிணறு வெட்டும்போது வெடியில் போனவள். அவள் கேட்பது பாக்கி நிற்கும் பதினோரு நாள் கூலி. நடையில் ஆயிரம் பிழை இருந்தாலும், அதைப் படித்தபோது காப்பி ஆறிப்போனது எனக்குத் தெரியவில்லை.

ஊர் திரும்புமுன் ராஜகிரிப் பக்கம் போனேன். அங்கே கைதிக் கிணறு என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். பெரிய பாறை ஒன்றின் நடுவே இயற்கையாக அமைந்த பள்ளம். மரண தண்டனை பெற்றவர்களை அதில் தள்ளிப் பட்டினியால் சாக விட்டுவிடுவார்களாம். தேசிங்குக்குக் கதைப்பாட்டு இருக்கிறது, சினிமாகூட எடுத்துவிட்டார்கள். அவனுடன் தீப்பாய்ந்த ராணியின் நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்று பெயர் வந்தது என்கிறார்கள். இந்தப் பள்ளத்தில் கிடந்தவர்களுக்குப் பெயர் இல்லை. அவர்களில் ஒருவரையாவது பேயாகப் பார்த்ததாக அங்கே யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பேய் நாவல் எழுத உத்தேசித்திருக்கும் இளம் எழுத்தாளர் யாராவது இருந்தால், ஒருநாள் அந்தப் பாறையடியில் போய் உட்காரட்டும். உள்ளே கிடந்தவன் யார், ஏன் தள்ளப்பட்டான், கடைசியில் அவன் என்ன கேட்டான் என்று விசாரிக்கட்டும். விசாரணை முடிகிறபோது, தள்ளச் சொன்னவனின் பெயரும் தானே வெளியே வரும்.