தோளில் ஏறும் தோணி

"ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஓடம் மனிதன் தோளில் ஏறுவதைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லக் காணோம். காரணம் என்ன தெரியுமா? அவர்கள் மின்னஸோட்டாவுக்குப் போனதில்லை!

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வட எல்லையில், கானடாவை ஒட்டினாற்போல் இருக்கிறது மின்னஸோட்டா ராஜ்யம். அதன் வடகிழக்கு மூலையில், எல்லைக் கோட்டின் ஓரமாகக் கிட்டத்தட்ட 150 மைல் நீளத்துக்கு ஒரு வனப் பிரதேசம் பரந்து கிடக்கிறது. அதன் பரப்பு சுமார் 11 லட்சம் ஏக்கர். 'பவுண்டரி வாட்டர்ஸ்' என்று பெயர். எல்லைத் தண்ணீர் என்று அர்த்தம். வனம் என்று சொல்லிவிட்டேனே தவிர, காட்டுக்குள் தண்ணீர் இருக்கிறதா, தண்ணீருக்குள் காடு இருக்கிறதா என்று நிச்சயிப்பது கஷ்டம். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள் அங்கே இருக்கின்றன!

இத்தனை ஏரிகளையும் யார் வெட்டினார்கள்? பனிக்கட்டிதான். 100 கோடி வருஷத்துக்கும் மேற்பட்ட வயதுள்ள கிழட்டுப் பாறைகள் அவை. பனி யுகத்தில் மைல் கணக்கான பனிப் பாளங்கள் அவற்றின் மேல் ஊர்ந்து, சுரண்டி, குடைந்து, கடைசியில் சுமார் பத்தாயிரம் வருஷங்களுக்கு முன் உருகிப் பின்வாங்கின. குடைந்த குழிகளெல்லாம் ஏரிகளாயின. குடையாமல் விட்ட இடங்களில் பைன், பிர்ச், ஸ்புரூஸ் மரங்கள் முளைத்தன.

அது சரி, இந்த ஆயிரம் ஏரிகளுக்குள் எந்த இடம் மிக அழகானது? அதைக் கண்டுபிடிக்கத்தான் இப்போது புறப்படுகிறோம். வாருங்கள்!

நுகத்தடி பூட்டிய மனிதர்கள்

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஏரிகளில் மோட்டார் படகு கூடாது. உள்ளே ரோடு இல்லை, ஹோட்டல் இல்லை, கடை இல்லை. 'கனூ' என்னும் நீண்டு குறுகிய தோணியில் துடுப்புப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

ஓர் ஏரி முடிந்ததும் என்ன செய்வது? இறங்கித் தோணியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு அடுத்த ஏரி வரை நடக்க வேண்டும். தோணியின் நடுவே, மாட்டுக்குப் பூட்டுவது போலவே ஒரு நுகத்தடி இருக்கிறது. அது பிடரியின் மேல் உட்கார்ந்துகொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு கால் முளைத்த தோணி ஒன்று காட்டுக்குள் தானாகவே நடந்து போவது போல் இருக்கும்!

இந்தச் சுமை வழிக்குப் 'போர்ட்டேஜ்' என்று பெயர். பிரெஞ்சு வார்த்தை. இருநூறு முந்நூறு வருஷங்களுக்கு முன்பு, ஐரோப்பாவின் கனவான்கள் தொப்பி போட்டுக்கொள்வதற்காக, பீவர் என்ற பிராணியின் தோலை இந்த வழியாகத்தான் கொண்டு போனார்கள். பிரெஞ்சு பேசிய கூலித் தோணிக்காரர்கள் தலைக்கு 90 ராத்தல் கொண்ட மூட்டை இரண்டை ஒரே தடவையில் முதுகில் ஏற்றிக்கொண்டு நடப்பார்களாம்.

அந்தப் பாதைகளும் தோணி கட்டும் வித்தையும் அவர்களுடைய சொந்தச் சொத்து அல்ல. ஒஜிப்வே என்னும் ஆதி மக்களிடம் கற்றுக்கொண்டவை. பிர்ச் மரப் பட்டையை உரித்து, ஸீடர் மரச் சட்டங்களின் மேல் போர்த்தி, ஸ்புரூஸ் வேரினால் தைத்து, பிசின் பூசி அவர்கள் கட்டிய தோணி தண்ணீரில் சருகு போல் மிதக்கும். இப்போது 'கெவ்லார்' என்ற இழையில் செய்கிறார்கள். எடை 40 ராத்தல் சொச்சந்தான். ஆனால் அரை மைல் நடந்த பிறகு அது எத்தனை ராத்தல் என்று சுமக்கிறவரைத்தான் கேட்க வேண்டும்!

போர்ட்டேஜின் நீளத்தை அங்கே மைலில் சொல்வதில்லை. 'ராட்' என்று ஒரு பழைய அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு ராட் பதினாறரை அடி, அதாவது ஏறக்குறைய ஒரு தோணியின் நீளம். 320 ராட் சேர்ந்தால் ஒரு மைல்.

அழகைத் தேடும் சூத்திரம்

அனுபவசாலிகள் அழகான இடத்தைக் கண்டுபிடிக்கும் சூத்திரம் இந்த ராட் கணக்கில்தான் இருக்கிறது. தேசப் படத்தை விரித்துக்கொண்டு நீளமான போர்ட்டேஜ் எங்கே என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு சுமை வழியும் ஒரு சல்லடை மாதிரி. பத்து ராட் நடக்கிறவர்கள் அநேகம். இருநூறு ராட் நடக்கிறவர்கள் கொஞ்சம். வேறெங்கும் கொண்டு போய் விடாத முட்டுச் சந்து ஏரி ஒன்று கிடைத்துவிட்டால், அநேகமாக அது முழுவதும் உங்களுக்கே சொந்தம்!

அடுத்தபடி கூடாரம் போடும் இடம். காட்டுக்குள் சர்க்கார் குறித்து வைத்த இடங்கள் சுமார் 2,000 உண்டு. அடுப்புக்கு ஓர் இரும்புத் தட்டியும், சற்றுத் தள்ளிக் காட்டுக்குள் ஒரு கழிப்பிடமும் உண்டு. அதோடு சர்க்காரின் உபசாரம் முடிந்தது. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? ஏரிக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனையைப் பாருங்கள். அங்கே காற்று வீசும். காற்று வீசினால் கொசு இராது. ஜூன் மாதத்தில் அங்கே போனவர்களுக்குத்தான் இந்த ஒரு வாக்கியத்தின் அருமை தெரியும்! மேற்குப் பார்த்த முனையாக இருந்தால் அஸ்தமனமும் இலவசம். கொசுவே வேண்டாம் என்பவர்கள் செப்டம்பரில் போகலாம். அப்போது பிர்ச் மரங்களெல்லாம் மஞ்சள் பூசிக் குளித்தாற்போல் நிற்கும்.

அதிகம் நடக்க முடியாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. ஈலி என்ற சிற்றூருக்கு வடக்கே ஹெக்மன் ஏரிகள் இருக்கின்றன. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அங்கே தண்ணீரிலிருந்து செங்குத்தாக எழும் பாறையில், செங்காவி நிறத்தில் கைகளை விரித்து நிற்கும் ஒரு மனிதனையும், கடமான் போன்ற மூஸ் என்னும் பிராணியையும், நீண்ட வாலுள்ள மிருகம் ஒன்றையும், தோணிகளையும் ஆதி மக்கள் யாரோ தீட்டி வைத்திருக்கிறார்கள். தோணியில் இருந்தபடியேதான் அதைப் பார்க்க வேண்டும். பேச்சுத் தானாகவே நின்றுவிடும்.

கிழக்குப் பக்கத்தில் ரோஸ் ஏரி. அதற்கு இறங்கும் சுமை வழியில் நூற்றுக்கு மேற்பட்ட படிகள். பக்கத்திலேயே ஒரு நீர்வீழ்ச்சி கூடவே இறங்குகிறது. மேலே பாறையின் விளிம்பில் நின்றால் காலடியில் ஏரி. ஏரிக்கு அப்பால் கானடா. மேற்குப் பக்கத்தில் க்ரூக்கட் ஏரியின் ஜலம் முழுவதும் அயர்ன் ஏரிக்குள் விழும் கர்ட்டன் அருவி. பெயருக்கேற்ப வெள்ளைத் திரை விரித்தாற்போலவே இருக்கும்.

ஆகஸ்டு கடைசியிலிருந்து செப்டம்பர் வரையில் ஆழமில்லாத ஏரிகளில் காட்டு அரிசி முற்றும். ஒஜிப்வே மக்கள் அதை 'மனோமின்' என்பார்கள். ஒருவர் நீண்ட கழியால் தோணியைத் தள்ள, மற்றவர் இரண்டு குச்சிகளால் கதிரை வளைத்து மெதுவாகத் தட்டுவார். மணிகள் தோணிக்குள் உதிரும். 1854-ம் வருஷத்து உடன்படிக்கையில் அவர்கள் நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் விளைந்ததைச் சேகரிக்கவும் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் 'லூன்' என்ற நீர்ப்பறவை கூப்பிடும். முதலில் யாரோ பைத்தியம் சிரிப்பது போல் இருக்கும்; பிறகு யாரோ தாயைத் தேடி அழுவது போல் இருக்கும். இந்தப் பறவை குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு ஏரியில் உலா வருவது கண்கொள்ளாக் காட்சி. ராத்திரியில் நட்சத்திரங்கள் வானத்தில் ஒரு தொகுதி, தண்ணீரில் ஒரு தொகுதி. மின் விளக்கின் கறை படியாத வானம் என்று 2020-ல் சர்வதேச இருள்வான சங்கம் இந்தப் பிரதேசத்துக்குச் சரணாலயப் பட்டம் கொடுத்தது.

நிசப்தத்துக்கு விலை

இந்த நிசப்தம் தானாக வந்தது என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு, உட்புற ஏரிகளுக்குச் சின்ன ஆகாய விமானங்கள் பறந்து வரத் தொடங்கின. கரையோரங்களில் விடுதிகள் இருந்தன. வியாபாரம் அமோகமாக நடந்தது. 1949-ல் ஜனாதிபதி ட்ரூமன், இந்த வனத்தின் மேல் விமானங்கள் தாழப் பறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். 1964-லும் 1978-லும் சட்டங்கள் வந்தன. சர்க்கார் விடுதிகளை விலைக்கு வாங்கி அப்புறப்படுத்தியது. ஈலி ஊரில் பலருக்குப் பிழைப்புப் போயிற்று. வனத்துக்காக வாதாடிய ஸிகர்ட் ஓல்ஸன் என்ற எழுத்தாளர் அதே ஊர்க்காரர். 1977-ல் அவருடைய கொடும்பாவியைத் தொங்கவிட்டார்கள் என்றால், ஜனங்களுக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்திருக்க வேண்டும்!

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஜனாதிபதியுமல்ல, எழுத்தாளருமல்ல. டாரதி மோல்ட்டர் என்ற நர்ஸ் அம்மாள்.

சிகாகோ நகரத்தில் வளர்ந்த டாரதி, 1930-ல் குடும்பத்தாரோடு மீன் பிடிப்பதற்காக இந்தப் பக்கம் வந்தார். நைஃப் ஏரியில் பைன் மரத் தீவு என்ற ஒரு தீவு. அங்கே ஒரு விடுதி. அவருக்கு அந்த இடம் பிடித்துப் போயிற்று. நாலு வருஷம் கழித்து அங்கேயே குடிவந்துவிட்டார். விடுதிக்காரர் 1948-ல் காலமானபோது இடத்தை அவருக்கே விட்டுச் சென்றார். மிக நெருங்கிய ரோடு சுமார் பதினைந்து மைல் தூரத்தில்! தூண்டில் முள் குத்தியவர்களுக்கும், கோடாரியால் காலை வெட்டிக்கொண்டவர்களுக்கும் அவரே வைத்தியர். 1952-ல் ஒரு பிரபல பத்திரிகை அவரை 'அமெரிக்காவிலேயே தனிமையான பெண்மணி' என்று வர்ணித்தது. வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான விருந்தாளிகள் வந்து போகும் வீட்டுக்குத் தனிமையாம்!

விமானம் நின்ற பிறகு சோடா பாட்டில்கள் வருவது நின்றுபோயிற்று. டாரதி அம்மாள் சும்மா இருந்தாரா? காலிப் பாட்டில்கள் குவிந்து கிடந்தன. ஏரியில் தண்ணீர் இருந்தது. தாமே 'ரூட் பீர்' தயாரிக்கத் தொடங்கிவிட்டார். 'பீர்' என்றதும் முகம் சுளிக்காதீர்கள். நம் நன்னாரி சர்பத்துக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி! பனிக்காலத்தில் உறைந்த ஏரியிலிருந்து பனிக்கட்டியை அறுத்துச் சேமித்து வைப்பார். வெயிலில் தோணி சுமந்து வந்தவன் கையில் ஜில்லென்று ஒரு பாட்டில் கொடுப்பார். வந்தவர்கள் விட்டுப்போன முறிந்த துடுப்புகளை நட்டே வீட்டுக்கு வேலி போட்டிருந்தார்.

வனத்துக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது, டாரதி அம்மாளையும் வெளியேறச் சொன்னார்கள். அவருடைய சிநேகிதர்கள் விடவில்லை. மனுவுக்கு மேல் மனு போட்டார்கள். கடைசியில், ஆயுள் உள்ள வரையில் அவர் அங்கேயே இருக்கலாம் என்று சர்க்கார் இறங்கி வந்தது. 1986 டிசம்பரில், 79-வது வயதில், அந்தத் தீவிலேயே அவர் கண்ணை மூடினார். இந்த வனத்தின் கடைசிக் குடித்தனக்காரர் அவர்தான். அவருடைய மர வீடுகளைக் கட்டை கட்டையாகப் பிரித்து, உறைந்த ஏரிகளின் மேல் நாய் பூட்டிய சறுக்கு வண்டிகளில் ஈலிக்குக் கொண்டு வந்தார்கள். இன்று அது ஒரு பொருட்காட்சிசாலை.

சட்டம் செய்தது சரியா, தப்பா? யோசித்துப் பாருங்கள். டாரதி அம்மாளுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தால், அடுத்த தீவுக்காரருக்கு ஏன் கூடாது? ஒவ்வொரு தீவிலும் ஒரு வீடு, ஒரு விடுதி, ஒரு விமானம் என்று வளர்ந்தால் லூன் பறவை எங்கே போய்க் கூப்பிடும்? ஆகவே சட்டம் சரிதான் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் சரியான காரியம் ஒன்றுக்காக, தவறேதும் செய்யாத ஒரு பெண்மணி தம் வீட்டுக்காக மன்றாட வேண்டியிருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அழகான இடங்கள் தாமாக அழகாக இருந்துவிடுவதில்லை. யாரோ எதையோ விட்டுக்கொடுத்ததனால்தான் அப்படி இருக்கின்றன. வனத்தின் விளிம்பில் செம்பும் நிக்கலும் புதைந்திருப்பதால், விட்டுக்கொடுக்கும் வழக்கு அதோடு தீரவும் இல்லை. 2023 ஜனவரியில் சர்க்கார் அங்கே சுமார் 2,25,000 ஏக்கரில் சுரங்கம் வெட்டுவதற்கு 20 வருஷத் தடை போட்டது. வேலை வேண்டும் என்பவர்களுக்கும் தண்ணீர் வேண்டும் என்பவர்களுக்கும் வாக்குவாதம் அதற்குப் பின்னும் தொடர்ந்தது.

ஆகையால், மிக அழகான இடம் எது என்று கேட்டால் என் வோட்டு நைஃப் ஏரியிலுள்ள அந்தப் பைன் மரத் தீவுக்குத்தான். இப்போது அங்கே வீடு இல்லை, வேலி இல்லை. மரங்களும் பாறையும் தெளிந்த தண்ணீருந்தான் இருக்கின்றன.

போகிறவர்கள் முதலில் ஈலியில் இறங்கி, டாரதி அம்மாளின் வீட்டைப் பார்த்து, அங்கே விற்கும் ரூட் பீர் ஒரு பாட்டில் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கேயே குடித்துவிட வேண்டும். வனத்துக்குள் கண்ணாடிப் பாட்டில் கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம்!