1970 ஜனவரி 1, காலை 5.30

தில்லியில் மொட்டைமாடி அறையொன்றில் குடியிருந்து காற்றின் நுண்தூசியை அளந்துவரும் ஆய்வு மாணவி ஒருவர், மழைக்காலத்து ஓர் இரவின் பதிவுகளைத் திறந்தார். மின்சாரம் அன்று மூன்று முறை போய்வந்தது. இணையமோ விடியும்வரை வரவில்லை. கோப்பில் மூன்று தொகுதிகள் இருந்தன. மூன்றும் 1970 ஜனவரி முதல் நாள் காலை 5.30 மணிக்கே தொடங்கின.

பிழை அளவியினுடையதன்று, அதற்கு மணி சொல்லும் ரௌட்டருடையது. கணினியில் கடிகாரத்தைக் காத்துநிற்கும் பொத்தான் மின்கலம் வீட்டு ரௌட்டர்களில் பெரும்பாலும் கிடையாது. மின்சாரம் போனால் நேரமும் போய்விடும். மீண்டும் விழிக்கையில் யூனிக்ஸ் எண்ணத் தொடங்கிய கணத்துக்கே அது திரும்புகிறது: கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு, இங்கே காலை ஐந்தரை. பிறகு என்டிபி வழியாக இணையத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். இணையம் எப்போதும் இருக்கும் என்பது தயாரிப்பாளரின் நம்பிக்கை. மின்கலத்தின் விலையும் மிச்சம்.

இணையம் வந்தாலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. போக்குவரத்து முழுவதும் வயர்கார்டு சுரங்கத்தின் வழியே செல்லுமாறு அமைத்திருந்தால், முன்பு கண்டதைவிடப் பழைய நேரமுத்திரையோடு வரும் அழைப்பை மறுமுனை ஏற்காது. நேரமின்றிச் சுரங்கம் திறவாது. சுரங்கமின்றி நேரம் வராது. ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருள் இதற்கு எளிய உபாயம் ஒன்றை வைத்திருக்கிறது: அமைப்புக் கோப்புகளுள் கடைசியாகத் திருத்தப்பட்டதன் தேதியை எடுத்துக்கொண்டு அங்கிருந்து தொடங்கும். அது சரியான நேரமன்று; ஆயினும் அரை நூற்றாண்டுப் பிழை சில நாட்களாகவோ மாதங்களாகவோ சுருங்கிவிடும்.

மூன்றாம் தொகுதியை மட்டும் மீட்க முடிந்தது. விடியலில் கடிகாரம் ஒரே தாவலில் நிகழ்காலத்துக்கு வந்த இடம் கோப்பிலேயே இருந்தது. நிமிடத்துக்கு ஓர் அளவு என்பதால் அங்கிருந்து பின்னோக்கி எண்ணினார். முதலிரண்டுக்கும் அத்தகைய பிடி இல்லை. மின்சாரம் எவ்வளவு நேரம் இல்லாதிருந்தது என்று வீட்டுக்காரரைக் கேட்டதற்கு, கொஞ்ச நேரந்தான் என்றார். உத்தேசமான நேரத்தை இட்டு நிரப்பியிருக்கலாம், எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவர் அவ்விரண்டையும் நீக்கினார். ஆய்வேட்டின் வரைபடத்தில் அவ்விரவின் பெரும்பகுதி வெற்றிடமாகவே நிற்கிறது.

இப்போது அளவியோடு இணைந்த ராஸ்பெர்ரி பை பலகையில், பொத்தான் மின்கலத்துடன் டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்று அமர்ந்திருக்கிறது. அறை வெப்பநிலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடமே பிசகக்கூடியது. மின்சாரம் திரும்பியதும் ரௌட்டர் அந்தப் பலகையிடந்தான் மணி கேட்கிறது.