மாடிக்கு ஏறிய இரும்புப் பெட்டி

டிசம்பர் 7, 2023

கரண்ட் நேற்று ராத்திரிதான் வந்தது. தெருவில் தண்ணீர் இன்றைக்குத்தான் வடிந்தது. மேடவாக்கம், பெரும்பாக்கம் சுற்று வட்டாரத்து ஏரித் தண்ணீரெல்லாம் பள்ளிக்கரணை சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவைத் தாண்டித்தான் கடலுக்குப் போயாக வேண்டும். அங்கே வழி அடைத்துக்கொண்டால் இங்கே எங்கள் கூடத்தில் நிற்கும். 2015-லும் நின்றது. மிக்ஜாம் புயலிலும் நின்றது. கீழ் வீட்டில் முழங்கால் அளவு. அப்பாவின் பீரோவில் கீழ்த் தட்டு முழுக்கச் சாக்கடைத் தண்ணீர். காசு ஆல்பங்கள் அங்கேதான் இருந்தன.

அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

டிசம்பர் 8

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேன்களை வாங்கி வந்தோம். காசுகளை ஒவ்வொன்றாக அலசி, தேய்க்காமல், பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து, பழைய வேட்டியில் பரப்பினோம். தேய்த்தால் எழுத்து போய்விடும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். எண்பத்திரண்டு வயதில் தரையில் உட்கார்ந்து வேலை செய்தார். எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது.

டிசம்பர் 11

காய்ந்த காசுகளை இன்று பிரித்து அடுக்கினோம். அப்பா பல்லவன் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்தார். வசூல் பையில் வித்தியாசமான காசு விழுந்தால், அதே மதிப்புக்குத் தன் சட்டைப் பையிலிருந்து சில்லறை போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார். 1957-இன் நயா பைசா, அலுமினிய மூணு பைசா, தாமரை போட்ட மஞ்சள் இருபது பைசா எல்லாம் அப்படி வந்தவை. அந்தத் தாமரைக் காசைத்தான் பெண்கள் 108 சேர்த்து லட்சுமி பூஜைக்கு வைப்பார்கள். அம்மாவும் கேட்டாள், அப்பா கொடுத்தார். பூஜை முடிந்ததும் எண்ணி வாங்கிக்கொண்டார்.

ரிட்டையர் ஆன பிறகு விலை கொடுத்து வாங்கியவை தனி. 1911-இல் அடித்த ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்று இருக்கிறது. ராஜாவின் மேலங்கியில் தொங்கும் விருதுச் சங்கிலியில் ஒரு யானை. தும்பிக்கை குட்டையாக விழுந்ததால் அதைப் பன்றி என்று நினைத்து ஜனங்கள் கொதித்தார்கள். வெளியே விடாமல் வைத்திருந்ததை சர்க்கார் உருக்கியது. 1912 ரூபாயில் யானையைத் திருத்தினார்கள். அப்பா லென்ஸை என் கையில் கொடுத்து, "பாரும்மா, காது யானைக் காதுதான்" என்றார். பார்த்தேன். யானைக் காதுதான்.

செப்புக் காசுகளில் சிலவற்றில் வெளிர்ப் பச்சையாகப் பொடி. அடித் தட்டில் பல வருஷம் திறக்காமல் கிடந்த ஆல்பத்தில்தான் அதிகம். அந்த ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறையே பிசுபிசுவென்று கசிந்திருந்தது. பிவிசி உறையில் காசு வைக்கவே கூடாதாம்.

டிசம்பர் 19

காசுகளை வைக்கப் பேங்கில் லாக்கர் காலி இல்லை. இருந்தாலும் யோசிக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி திருட்டு, தீ, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி என்றால் வருஷ வாடகையைப் போல 100 மடங்கு வரை பேங்க் பொறுப்பு. வெள்ளம், பூகம்பத்துக்குப் பொறுப்பில்லை. எங்களுக்கு வந்ததே வெள்ளம்.

வீட்டிலேயே இரும்புப் பெட்டி வைத்துக்கொள்வதென்று முடிவு. மாடியில்.

ஜனவரி 4, 2024

தாம்பரத்தில் மூடிப்போன ஓர் அடகுக்கடையின் பெட்டி, காயலான் கடை வாசலில் நிற்கிறது. பழைய கோத்ரெஜ். பூட்டு செய்ய 1897-லும் பெட்டகம் செய்ய 1902-லும் ஆரம்பித்த கம்பெனி. கதவு என் உள்ளங்கை அகலத்துக்குத் தடிமன். கைப்பிடியைத் திருப்பத் தோளிலிருந்து பலம் கொடுக்க வேண்டியிருந்தது. உள் கதவில் குங்குமத்தில் 'சுப் லாப்' என்று இந்தியில் எழுதி மங்கியிருக்கிறது. இழுப்பறையின் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த அடகுச் சீட்டில் பேனாவால் 'கம்மல் 1 ஜோடி'. அடகு வைத்தவள் மீட்டாளோ இல்லையோ. வீடு வரும்வரை அந்தக் கம்மல் நினைப்புதான்.

எடை 350 கிலோ என்கிறார் கடைக்காரர். எடைக்கு விலை போட்டுத் தருகிறார்.

ஜனவரி 5

அப்பாவிடம் சொன்னேன். "நல்லது" என்றார்.

ஜனவரி 12

எதிர்வீட்டுத் தம்பி சிவில் இன்ஜினியர். வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்றுதான் கணக்குப் போடுவார்களாம். இரண்டடிச் சதுரத்தில் 350 கிலோவை நடு அறையில் நிறுத்தக் கூடாது. "தூணை ஒட்டி, கீழே பீம் ஓடுற மூலையில வைங்க அக்கா. அடியில கனமான பலகை போட்டுச் சுமையைப் பரப்பிடுங்க." சுவரைத் தட்டித் தட்டி இடம் குறித்துக் கொடுத்தார்.

ஜனவரி 21

பெட்டி வந்துவிட்டது. குட்டி யானை வண்டியிலிருந்து பலகைச் சரிவில் இறக்கி, இரும்புக் குழாய்களின் மேல் உருட்டி, கடப்பாரையால் நெம்பி வாசல் வரை. படிக்கட்டில் செயின் பிளாக் மாட்டி ஒவ்வொரு படியாக ஏற்றினார்கள். திருப்பத்தில் ஒரு மணி நேரம் நின்றது. "கைய எடு, கைய எடு" என்று மேஸ்திரி கத்திய ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் வந்தது. யாருக்கும் அடி படவில்லை. எல்லோருக்கும் பிரியாணி.

அப்பா கீழே நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்தார். பெட்டி திருப்பத்தைத் தாண்டியதும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

ஜனவரி 27

பூட்டுக்காரர் வந்தார், பூர்வீகம் திண்டுக்கல். "சாவி ரெண்டும் கொடுத்தாங்கன்னு நம்பாதீங்கம்மா. மூணாவது எவன்கிட்ட இருக்கோ. லீவரை மாத்திடுறேன்." மாற்றிவிட்டார். இன்று நிம்மதியாகத் தூங்குவேன்.

பிப்ரவரி 18

நிம்மதி இல்லை. அப்பாவின் நண்பர், அவரும் காசு சேர்ப்பவர், வந்திருந்தார். தீ தாங்கும் பெட்டியின் இரட்டைத் தகட்டுக்கு நடுவில் உள்ள கலவையில் ஈரம் இருக்கும். தீ பிடித்தால் அந்த ஈரம் ஆவியாகித்தான் சூட்டைத் தடுக்கும். அதே ஈரம் சாதாரண நாளில் உள்ளே கசியும். உப்புக் காற்று ஊரில் செம்புக்கு அது போதும், பச்சை நோய் பிடிக்க. எழும்பூர் அருங்காட்சியகம் 1930-லேயே வேதியியல் கூடம் வைத்தது, செப்புத் திருமேனிகளை இந்த நோயிலிருந்து காப்பாற்றத்தான் என்றார்.

அவர் போனதும் மாடிக்கு ஓடினேன். பூட்டை மாற்றி ஆல்பங்களை உள்ளே வைத்ததிலிருந்து பெட்டியை அதிகம் திறக்கவில்லை. ஈரம் உறிஞ்ச நீலமாக வைத்த சிலிகா ஜெல் முழுக்க இளஞ்சிவப்பு. அடுப்பில் மெல்லிய சூட்டில் உலர்த்தினேன், நீலம் திரும்பியது. அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும் என்று காலண்டரில் எழுதியிருக்கிறேன்.

பீரோவில் இருந்தபோது அப்பா தினமும் ராத்திரி செய்திக்கு முன்னால் ஏதாவது ஓர் ஆல்பத்தை எடுத்துவிடுவார். விளிம்பைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, திரும்ப வைப்பார்.

மார்ச் 2

அப்பாவுக்கு முட்டி வலி. மாடி ஏறக் கூடாது என்கிறார் டாக்டர்.

மார்ச் 9

சாப்பிடும்போது அப்பா கேட்டார். "அந்தப் பத்துக் காசு எந்தத் தட்டுல வெச்சிருக்க?" 1808-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்தில் அடித்து மதராஸுக்கு அனுப்பிய காசு. அந்த வகைக் காசுகளை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை ஒட்டியே மணல் திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் கடலடியிலிருந்து எடுத்தபோதும் பல காசுகளில் எழுத்து தேயவில்லை. அப்பாவிடம் இருப்பது ஊர் வந்து சேர்ந்து, யார் யார் கையிலோ புழங்கியது. வழவழவென்று தேய்ந்திருக்கும்.

"இரண்டாவது தட்டு, அப்பா."

"பச்சை ஏதாவது?"

"இல்ல."

"பாத்தியா?"

ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதாகச் சொன்னேன். தலையாட்டிவிட்டு மோர் கேட்டார்.

மார்ச் 11

படிக்கட்டுச் சுவரில் பிடித்து ஏறக் கம்பி போட வெல்டிங் ஆளிடம் கேட்டிருக்கிறேன். புதன்கிழமை அளவெடுக்க வருகிறார். கம்பி போட்டாலும் அப்பாவின் முட்டி அந்தத் திருப்பத்தைத் தாண்டுமா தெரியவில்லை. கீழே ஆல்பம் வைக்கவும் மனசு வரவில்லை, அடுத்த மழை எட்டு மாதத்தில் வந்துவிடும். டாக்டரிடம் இன்னொரு தடவை கேட்க வேண்டும்.