கீசருக்குள் ஒரு குச்சி

எங்கள் வீட்டுப் பழைய கீசர் நான்காவது வருடமே உயிரை விட்டது. ஒரு மார்கழிக் காலை. மனைவி குளித்துக்கொண்டிருந்தார். திடீரென்று வீடு முழுக்கக் கரண்ட் போனது. "என்னங்க, கீசர்லேர்ந்து தண்ணி கொட்டுது" என்று உள்ளிருந்து குரல். போய்ப் பார்த்தால் ஈ.எல்.சி.பி. விழுந்திருந்தது. அது மட்டும் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

மெக்கானிக் வந்து அடிமூடியைக் கழற்றினார். தொட்டி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. காயிலுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

"இதுதான் சார் ஆனோடு ராடு. விரல் தடிமனுக்கு இருந்திருக்கும். கரைஞ்சு உள்கம்பி மட்டும் நிக்குது. முன்னாடியே மாத்தியிருந்தா தொட்டி தப்பிச்சிருக்கும்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. காசிமேட்டில் படகு பழுதுபார்க்கும் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். இரும்புப் படகின் அடியில் துத்தநாகத் துண்டுகளை எத்தனை முறை பொருத்தியிருப்பேன்! கடல் தண்ணீர் இரும்பை விட்டுவிட்டு முதலில் அதை அரிக்கும். கப்பலின் செம்புத் தகடுகளை இப்படிக் காக்கலாம் என்று 1824-இல் ஹம்ப்ரி டேவி சொன்ன வழிதான் இது. கீசரில் அதே வேலையை மெக்னீசியக் குச்சி செய்கிறது. தொட்டியின் உள்பூச்சில் நுண்ணிய ஓட்டைகள் இருக்கும். அங்கே இரும்பை அரிக்க வரும் தண்ணீருக்கு இந்தக் குச்சி முதலில் இரையாகும். படகில் தெரிந்த விஷயம் வீட்டில் தெரியாமல் போயிற்று.

தண்ணீரில் உப்பு ஏற ஏற குச்சி வேகமாகக் கரையும். துணி வெளுப்பவர்கள் குடியிருந்ததால் பெயர் பெற்ற பேட்டை இது. இன்று எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைப்பதே இல்லை. மீட்டர் வைத்துப் பார்த்தேன், டி.டி.எஸ். 1,800 காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தரம் சொல்லும் அளவு 500. மெட்ரோ தண்ணீர் போதாத நாட்களில் இந்தத் தண்ணீரைத்தான் மேல்தொட்டிக்கு ஏற்றுகிறோம்.

புது கீசரை ஒரு வருடம் ஆனதுமே திறந்து பார்க்கச் சொன்னேன். குச்சி பாதி கரைந்திருந்தது. மாற்றிவிட்டோம். நானே செய்யவில்லை. இந்த வயதில் ஸ்டூல் மேல் ஏறிக் கரண்ட் வேலை பார்ப்பது வீரம் ஆகாது. ஆனால் பக்கத்தில் நின்று இவற்றைக் கவனித்தேன்:

சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, மெயினையும் அணைக்க வேண்டும். தண்ணீர் ஆறிய பிறகு உள்வரும் வால்வை மூடித் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். குச்சியோடு ரப்பர் வாஷரையும் மாற்றுவது நல்லது. மாட்டி முடித்ததும் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் காற்றில்லாமல் சீராக வந்த பிறகே கரண்ட் போட வேண்டும். காலித் தொட்டியில் போட்டால் காயில் எரிந்துவிடும்.

மாற்றிய தேதியை கீசரின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். மனைவி குளிக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் நாலு மாசம் இருக்குங்க" என்பார். உங்கள் வீட்டு கீசரைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?