முப்பது இலைக்கு ஒரு கட்டு

தான்ஸானியா நாட்டின் வடகிழக்கில், உசாம்பரா மலைத்தொடரின் அடிவாரத்தில் பங்கானி நதி பாயும் சமவெளியிலே, கொரோக்வே என்னும் சிற்றூருக்கு அருகிலுள்ள ஒரு சைஸால் தோட்டத்தில் கணக்கராக நான் நான்கு வருஷங்கள் வாழ்ந்தேன். அவற்றில் முதல் வருஷம் முழுவதையும், இலை வெட்டுகிறவர்களின் வேலையை ஒருநாளேனும் அருகே நின்று பாராமல் கழித்துவிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சைஸால் என்பது நம் ஊரில் ரயில் பாதையோரங்களில் வேலிபோல் நிற்கும் கற்றாழையின் இனத்தைச் சேர்ந்த நார்ச்செடி. அவ்வூரார் செடியை ம்கோங்கே என்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் வரிவரியாக அது நிற்கும் நிலத்தின் விஸ்தீரணமும், அதில் மாதந்தோறும் விளையும் நாரின் எடையும் எனக்கு மனப்பாடம்; ஆனால் அந்த நாரை எடுத்துத் தரும் கைகளை நான் அறிந்ததில்லை.

அயல்நாட்டு உத்தியோகஸ்தனுடைய ஜீவனம் அங்கே சிரமமானதன்று. மேட்டின்மேல் தகரக் கூரையிட்ட வீடு. மாலையில் மூன்று மணி நேரம் எரியும் விளக்கு. வாரச் சந்தையில் தேங்காயும் புளியும் தாராளமாகக் கிடைத்தன. டூகா என்று அவர்கள் சொல்லும் கடையில் பருப்பு வாங்கலாம். சாய், சப்பாத்தி என்ற சொற்கள் அவர்கள் பாஷையிலும் புழங்கக் கேட்டபோது பாதித் தனிமை தீர்ந்தது. அவர்கள் பொழுதை எண்ணும் முறையோ என்னை மிகவும் கவர்ந்தது. சூரிய உதயத்திலிருந்தே மணி எண்ணுவதால், நமக்குக் காலை ஏழு மணியாக இருப்பது அவர்களுக்கு முதல் மணி. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் முன்னோர்கள் அங்கே போயிருந்தால் சகஜமாகப் பொழுதைச் சொல்லியிருப்பார்கள்.

அந்த முதல் மணிக்கும் முன்னதாக, பனி விலகாத ஒரு வைகறையில், வயதில் மூத்த ஒரு வெட்டுகாரருடன் நான் வரப்பில் இறங்கினேன். பெரியவர்களைக் கண்டால் 'ஷிகாமோ' என்று வணங்க வேண்டும். அவர்கள் 'மரஹபா' என்று ஏற்றுக்கொள்வார்கள். அவர் ஏற்றுக்கொண்டு, நடந்தபடியே வேலையைத் தொடங்கிவிட்டார். ஈட்டி போல் நீண்டு நிற்கும் இலையின் நுனியில் கரிய முள் ஒன்று இருக்கிறது. அதை முதலில் சீவித் தள்ளி, பின்பு குனிந்து, அடித்தண்டை ஒட்டி, தண்டுக்குக் காயம் படாமலும் இலையின் நீளம் வீணாகாமலும் ஒரே வீச்சில் அறுக்கிறார். பச்சைப் பூசணியைப் பிளப்பதுபோல் ஒரு சப்தம் எழுகிறது. வெட்டுவாயில் கசியும் சாறு தோலில் பட்டால் நமைச்சலெடுத்துத் தடிக்கும். அவருடைய முழங்கைகள் பழைய மரப்பட்டையைப் போல் ஆகியிருந்தன. அறுத்த இலைகளை முப்பது முப்பதாகச் சேர்த்துக் கட்டி, தோளில் சுமந்து, தள்ளுவண்டிப் பாதையின் ஓரத்தில் அடுக்குகிறார். முப்பது இலைக்கு ஒரு கட்டு. கட்டுகளின் எண்ணிக்கைக்கே கூலி.

கத்தியை வாங்கி நானும் முயன்றேன். மூன்றாவது இலையிலேயே முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. அவர் அருகே வந்து, "போலே" என்றார். துன்பப்படுகிறவனைப் பார்த்து அனுதாபம் தெரிவிக்கும் சொல் அது. வேலை செய்கிறவனைக் கடந்து போகும்போதுகூட, "வேலைக்குப் போலே" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். உழைப்பு ஒரு துன்பம் என்பதை ஒளிக்காமல், அதற்கு மரியாதையும் செய்கிற இந்த வழக்கம் போல் வேறொன்றை நான் எந்த ஊரிலும் கண்டதில்லை. முள்ளைப் பிடுங்கியபின் அவர் சொன்னார்: "மகனே, நீ வெட்டப்போகிற இலையையே பார்க்கிறாய். மிச்சம் நிற்கப்போகிற இலையைப் பார்."

இதில்தான் அந்தத் தொழிலின் நுட்பமெல்லாம் அடங்கியிருக்கிறது. அடிவரிசையில் முற்றிய இலைகளை மட்டும் எடுத்து, நடுக்குருத்தைச் சுற்றி இருபதுக்குக் குறையாமல் இலைகளை விட்டுவைத்தால், செடி பல வருஷங்கள் பலன் தந்து, கடைசியில் வீட்டு உயரத்துக்கு மேல் பூந்தண்டை நீட்டி, குலை தள்ளிய வாழை போல் மடியும். பேராசையால் இளம் இலைகளையும் வெட்டினால் அன்றைய கட்டு பெருகும், செடியோ நலிந்துபோகும். அதன் விளைவு பல மாதங்கள் கழித்து, வேறு யாருடைய கணக்கிலோதான் தெரியும்.

வெட்டிய இலையை நாரெடுக்கும் ஆலைக்கு உடனே கொண்டு போக வேண்டும். தாமதித்தால் சாறு உலர்ந்து நாரோடு ஒட்டிக்கொள்ளும். கொரோனா என்ற பெயருள்ள பழைய ஜெர்மானிய இயந்திரத்தின் நினைவாக, ஆலையையே அங்கே கொரோனா என்று அழைக்கிறார்கள். இலையின் எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பங்குதான் நார். மற்றதெல்லாம் பச்சைக் கூழாக ஓடிவிடுகிறது. வெண்மையான அந்த நாரைப் பெண்கள் கம்பிகளில் விரித்து வெயிலில் உலர்த்தும் காட்சி, தும்பைப்பூ வண்ண வேஷ்டிகளை ஆற்றங்கரையில் காயப் போட்டதுபோல் இருக்கும்.

இந்தச் செடி அம்மண்ணுக்கு வந்தது 1893-ஆம் ஆண்டில். ரிச்சர்ட் ஹிண்டார்ஃப் என்னும் ஜெர்மானியர் ஃப்ளோரிடாவிலிருந்து தருவித்த ஆயிரம் கன்றுகளில், கப்பல் பிரயாணத்தைத் தாண்டி உயிரோடு கரை சேர்ந்தவை அறுபத்திரண்டே. அந்த அறுபத்திரண்டின் சந்ததிகள் பெருகி, 1964-இல் ஏறக்குறைய 2,30,000 டன் நாரைத் தந்தன. பிற்பாடு செயற்கை இழைக் கயிறு வந்து சந்தையைப் பறித்துக்கொண்டது. கன்றுகளின் எண்ணிக்கையும் அவற்றைத் தருவித்தவருடைய பெயரும் சரித்திரத்தில் இருக்கின்றன. தூரத்து மாகாணங்களிலிருந்தும் அண்டைத் தேசங்களிலிருந்தும் கொண்டுவரப்பட்டு, இலை வெட்டி ஓய்ந்தவர்களையோ 'மனாம்பா' என்றே குறித்தார்கள். நம்பர் என்ற சொல்லின் திரிபு அது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம்மவர்களின் ஒரு நாள் கூலிக்குப் 'பேர்' என்றும், குறைத்துப் போட்டால் 'அரைப்பேர்' என்றும் வழங்கியது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அங்கே பெயரே கூலியாயிற்று. இங்கே எண்ணே பெயராயிற்று.

அன்று பிற்பகல் காரியாலயத்தில் உட்கார்ந்து, அந்த மாதத்துக் கூலிப் பதிவை வேறு கண்ணோடு பார்த்தேன். என் குருவாகிய அந்தப் பெரியவர், அவருடைய வரிசையில் இருந்த இளைஞர்கள் சிலரைவிடக் குறைவான கட்டுகளே வெட்டியிருந்தார்; ஆகவே கூலியும் குறைவு. அவர் வெட்டிய வரிகளை மட்டும் தனியே நடந்து பார்த்தேன்; ஒரு செடிகூட மொட்டையாக நிற்கவில்லை. தோட்டத்தின் எதிர்காலத்தைக் காப்பாற்றியதற்காக அவர் காசு இழந்துகொண்டிருந்தார், அந்தக் கணக்கை மாதந்தோறும் சரிபார்த்துக் கையெழுத்திட்டவன் நான்.

விட்டுவைத்த இலைக்கும் கூலி உண்டு என்று ஏற்பாடு செய்ய வேண்டும் என மேலாளருக்கு விவரமாக எழுதிக் கொடுத்தேன். எண்ணுவது கஷ்டம் என்று பதில் வந்தது. வெட்டிய இலையை முப்பது முப்பதாக எண்ணத் தெரிந்தவர்களுக்கு, நிற்கும் இலையை இருபது வரையில் எண்ணுவது கஷ்டமல்ல. இன்றும் அதுவே என் அபிப்பிராயம்.