கைக்கெட்டும் மீன்

அல்லாஹ் நமக்கு ஆகுமாக்கிய உணவுகளில் மீனுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. ஆட்டையும் கோழியையும் போல அதை அறுக்க வேண்டியதில்லை. இஹ்ராம் அணிந்தவருக்குத் தரையில் வேட்டையாடுவது தடுக்கப்பட்டிருக்க, நீரில் வேட்டையாடுவது அனுமதிக்கப்பட்டுள்ளது. சூரா அல்மாயிதாவின் 96ஆம் வசனம் இதைக் கூறுகிறது. இவ்வளவு விரிந்த அனுமதி உள்ள ஒன்றில் ஹலால், ஹராம் என்ற கேள்விக்கு இடமேது என்று தோன்றலாம். அந்தக் கேள்வி சென்ற ஆண்டு அம்பத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எழுந்தது.

என் தாய்மாமா குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியின் மறைவுக்குப் பிறகு எங்களோடு வந்து தங்கினார். அவர் கொண்டுவந்த பொருள்களில் ஒரு நீண்ட தூண்டில் கழியும் இருந்தது. தோட்டத்து மேலாளர் ஒருவர் கற்றுக்கொடுத்த கலை அது. அதில் புழுவோ மாவோ இரையாக வைப்பதில்லை. இறகும் ரோமமும் நூலும் சுற்றி, தூண்டில் முள்ளையே ஒரு ஈயைப் போல ஒப்பனை செய்கிறார்கள். அந்தப் பொய் ஈக்கு எடையே கிடையாது. கனத்த நூலின் எடைதான் அதைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லும். மாமா முள்ளைக் கழற்றிவிட்டு மாடியில் நூலை வீசிக் காட்டுவார். பதின்மூன்று வயதான என் மகன் ஒரே வாரத்தில் அதைக் கற்றுக்கொண்டான்.

மாமா பிடித்தது டிரவுட் மீன். குளிர்ந்த நீரில் மட்டுமே வாழும் அது நம் நாட்டு மீனன்று. 1860களில் டாக்டர் பிரான்சிஸ் டே அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், கைகூடவில்லை. பின்னர் எச். சி. வில்சன் என்பவரின் உழைப்பால் 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. அங்கே பொரித்த வானவில் டிரவுட் குஞ்சுகள் மலை ஓடைகளிலும் ஏரிகளிலும் விடப்பட்டன. ஆகவே அங்கு பிடிபட்ட ஒவ்வொரு மீனுக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய உழைப்பு இருந்தது. "சீட்டு இல்லாமல் கழியைத் தொடமாட்டோம். சின்ன மீன் மாட்டினால் கையை நனைத்துக்கொண்டுதான் தொடுவோம். காய்ந்த கை பட்டால் அதன் மேல்வழுவழுப்பு போய்விடும்" என்பார் மாமா. வீட்டுக்கு எடுத்துச்செல்லும் மீனை உடனே தலையில் ஒரே அடியில் முடித்துவிடுவார், துடிக்க விடமாட்டார்.

மகனுக்கு ஆசை பெருகியது. "வாப்பா, ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போகலாமா? என் சிநேகிதர்கள் எல்லாரும் ஜிலேபி மீன் பிடிக்கிறார்கள். படம் எடுத்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுவார்கள்" என்றான். நான் பதில் சொல்வதற்குள் மாமா கேட்டார்: "அந்த ஏரியின் மீன்பாசி யாருடையது, தம்பி?"

அந்தக் கேள்வியோடு மஹல்லா இமாமிடம் சென்றோம். அவர் பொறுமையாக விளக்கினார். கடல்மீன் யாருக்கும் சொந்தமன்று, பிடித்தவருக்கே உரியது. ஆனால் ஒருவர் பணம் கட்டிக் குத்தகை எடுத்து, காசு கொடுத்துக் குஞ்சு வாங்கி விட்டிருக்கும் நீரில் அவருடைய ஹக் இருக்கிறது, கேட்காமல் எடுக்கலாகாது. அடுத்து, அந்த மீனை உண்பீர்களா என்று கேட்டார். கழிவுநீர் கலக்கும் ஏரி மீனை வீட்டில் சமைக்க எங்களுக்கு மனமில்லை. "அப்படியானால் எதற்காக அதன் வாயில் முள்ளை ஏற்றுகிறீர்கள்?" என்றார். ஒரு சிட்டுக்குருவியை உரிமையின்றிக் கொன்றவரிடமும் அல்லாஹ் கேள்வி கேட்பான் என்றும், அறுத்து உண்பதே அதன் உரிமை என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி நஸயீயில் பதிவாகியுள்ளது. திரும்ப விடும் மீன் சாகவில்லையே என்று மகன் வாதிட்டான். "சின்னதென்று விடுவது இரக்கம். விடுவதற்கென்றே பிடிப்பது அதன் வேதனையில் நாம் விளையாடுவது" என்றார் இமாம்.

மகன் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நண்பர்கள் சிரித்திருப்பார்கள். எனக்கும் மனம் கனத்தது. கைப்பேசியை விட்டு எழுந்து வந்த பிள்ளையை மீண்டும் அதனிடமே அனுப்புகிறோமோ என்ற அச்சம்.

திருவள்ளூர்ப் பக்கம் பண்ணைக்குட்டை வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் பேசினேன். ஜிலேபி வளர்க்கிறார். "வாருங்கள், நாலு மீன் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம், அடுத்த வாரம் விற்பனை" என்றார். மாமா கட்டிக் கொடுத்த பொய் ஈயை மகன் வீசினான். வளர்ப்பு மீன்களுக்கு மனிதரிடம் அச்சம் குறைவு. ஒரு மணி நேரத்திற்குள் நான்கும் கிடைத்துவிட்டன. அதன் பிறகும் கரையோரம் மீன்கள் துள்ளிக்கொண்டே இருந்தன. அவன் சற்று நேரம் பார்த்தான். யாரும் சொல்லாமலே நூலைச் சுற்றி வைத்தான்.

அப்போது சூரா அல்அஃராஃப் கூறும் கடற்கரை ஊர் மக்கள் நினைவுக்கு வந்தார்கள். மீன்பிடி தடுக்கப்பட்ட சனிக்கிழமையில்தான் மீன்கள் அவர்கள் கண்முன் மேலே வந்தன. மற்ற நாள்களில் வரவில்லை. எட்டாத மீனில் அவர்களுக்குச் சோதனை வரவில்லை. கைக்கெட்டிய மீனில்தான் வந்தது.

நம் பிள்ளைகள் கைக்கெட்டும் பொருள்களுக்கு நடுவே வளர்கிறார்கள். இது யாருடையது, எதற்காக எடுக்கிறேன், எவ்வளவு போதும் என்ற மூன்று கேள்விகளை அவர்களுக்குக் கற்பிக்க ஒரு தூண்டில் கழியும் உதவும். அன்றிரவு உம்மாவின் கையால் குழம்பாகிய அந்த நான்கு மீன்களும் எங்கள் ஏழு பேருக்குப் போதுமாயிருந்தன. அல்ஹம்துலில்லாஹ்.