மூன்றாவது மாடியின் வெயில்

1986இல் மேற்கு மாம்பலத்தில் அப்பா வாங்கிய அடுக்குமாடி வீட்டில்தான் இன்றும் குடியிருக்கிறேன். தரைத்தளமும் மூன்று மாடிகளுமாகப் பன்னிரண்டு வீடுகள். லிஃப்ட் கிடையாது. எங்களுடையது உச்சித் தளம். பாலைக்குத் தனி நிலமில்லை, திரிந்த நிலமே பாலை என்று காலையில் வகுப்பில் நடத்திவிட்டு, மாலையில் அதற்குள்ளேயே படியேறி வருகிறேன்.

கட்டியபோது மொட்டைமாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் பரப்பித் தட்டோடு பதித்திருந்தார்கள். வெயிலை அது ஓரளவு தடுத்தது. 2015 மழையில் ஒழுகத் தொடங்கியதும் சங்கத்தார் அதைப் பெயர்த்துவிட்டுக் கறுப்புத் தார்த்தாள் ஒட்டினார்கள். ஒழுகல் நின்றது. ஆனால் பகலெல்லாம் சூட்டைக் குடித்த கான்கிரீட், நள்ளிரவு தாண்டியும் அதை எங்கள்மீது உமிழ்ந்துகொண்டிருந்தது. அம்மா ஈரத்துணி விரித்த தரையில் படுத்துச் சமாளித்தாள். 2023 கத்திரியில் ஒரு பிற்பகல், சமையலறையில் மயங்கி விழுந்தாள். அந்த வாரமே ஏ.சி. வந்தது.

அதன்பிறகுதான் மின்கணக்கைக் கவனிக்கத் தொடங்கினேன். ஓர் இரவுக்கு ஏறத்தாழ ஒன்பது யூனிட். இரண்டு மாதப் பட்டியலில் 540. நிலக்கரியே பெரும்பங்கு வகிக்கும் நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமிலவாயு என்று கொண்டால், 378 கிலோ. அம்மாவின் எடை நாற்பத்திரண்டு. அவளைக் காப்பாற்ற, அவளைப்போல் ஒன்பது மடங்கு எடையைக் காற்றில் ஏற்றுகிறேன். ஏ.சி.யின் வெளிப்பெட்டியோ எதிர்வீட்டுச் சமையலறைச் சன்னலைப் பார்த்து அனல் ஊதுகிறது. அவர்களும் ஒன்று வாங்கிவிட்டார்கள்.

எல்லாச் செலவும் இப்படித் தவிர்க்கமுடியாததன்று. கீழே இரண்டு குதிரைத்திறன் மோட்டார் தினமும் நான்கு மணிநேரம் ஓடியது. வால்வு பழுதாகி, ஏற்றிய நீர் திரும்பவும் தொட்டிக்கே இறங்கிக்கொண்டிருந்தது. சில நூறு ரூபாய் வால்வை மாற்றுவதா என்று மூன்று மாதம் விவாதித்தோம். (தமிழ்ச் சங்கங்களின் வரலாற்றை நான் எழுதினால் இதற்கு ஓர் இயல் ஒதுக்குவேன்.) மாற்றியபின் இரண்டரை மணிநேரம் போதுமானதாயிற்று.

இப்போது கட்டுமான நிறுவனம் ஒன்று வந்திருக்கிறது. பழைய கட்டடம் மின்சாரத்தை விழுங்குகிறதாம். இடித்துவிட்டு, சூரியத்தகடுகளோடு பசுமைக் கட்டடம் எழுப்பித் தருவார்களாம். 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தால் போதும். எட்டுப்பேர். ஏழு கையெழுத்து விழுந்துவிட்டது.

புதுக்கட்டடத்தின் சிமெண்டைப் பற்றி அவர்கள் பேசவில்லை. சுண்ணாம்புக்கல் சூளையில் சிதையும்போதே கரியமிலவாயு வெளியேறிவிடுகிறது. எந்த எரிபொருளை மாற்றினாலும் அந்தப் பங்கு குறையாது. நாங்கள் நிற்கும் தூண்களுக்கான புகை 1986க்கு முன்பே எழுந்து அடங்கியது. அதை மீண்டும் ஒருமுறை எழுப்புவானேன்? கடந்த சித்திரையில் சொந்தச் செலவில் எங்கள் தலைக்கு மேலுள்ள பகுதிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தேன். இப்போது இரவு பதினொன்றுக்கு மேல்தான் ஏ.சி. தேவைப்படுகிறது. இதைக் கூட்டத்தில் சொன்னேன். செயலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், உங்க அம்மா கீழே இறங்கி எத்தனை நாளாச்சு?" என்றார்.

ஏழு மாதம்.

எட்டாவது கையெழுத்துக்கான தாள் என் மேசைமேல் கிடக்கிறது. நேற்று அம்மா அதைக் கண்ணாடி போட்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ஏம்ப்பா, லிஃப்ட் வருமாமே?"